படித்துப் பாருங்கள்

"இந்த நாவலைப் படித்துப் பாருங்கள்" என்று ஒருவரிடம் சொல்வதற்கு என்ன செலவாகிறது? ஒன்றும் இல்லை. கையிலிருக்கும் புத்தகத்தை நீட்டினால் போதும். கடன் கொடுக்கிறவன் நாலு தரம் யோசிக்கிறான். பெண் கொடுக்கிறவன் பத்து இடத்தில் விசாரிக்கிறான். மருந்து கொடுக்கிறவன் நாடி பிடித்துப் பார்க்கிறான். புத்தகம் கொடுக்கிறவன் மட்டும் ஒரு விசாரணையும் இல்லாமல், சிரித்த முகத்துடன் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுகிறான். நானும் பல வருஷங்கள் அப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். சென்ற ஐப்பசியில் கொடைக்கானலில் நடந்த ஒரு சின்ன விஷயம் அந்தத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

கொடைக்கானலைச் சித்திரை வைகாசியில் பார்த்தவர்கள் அந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது என் அபிப்பிராயம். அப்போது அங்கே தெரிவதெல்லாம் சமவெளியிலிருந்து போன கூட்டம்தான். ஐப்பசி மழையில் ஏரிக்கரை வெறிச்சோடிக் கிடக்கும். தைல மரங்களிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் பகலெல்லாம் கேட்கும். நாலு மணிக்கே மஞ்சு இறங்கி எதிர்வீட்டை மறைத்துவிடும். 7,000 அடி உயரத்தில், அந்த மாதங்களில்தான், அந்த ஊர் அந்த ஊர்க்காரர்களுக்குச் சொந்தமாக இருக்கிறது. பாதியில் நின்றுபோன ஒரு நாவலை எழுதி முடிக்கலாம் என்ற எண்ணத்தில் இரண்டு மாதத்துக்கு ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். நாவல் முடியவில்லை, அது வேறு கதை. ஆனால் மூஞ்சிக்கல் பக்கத்தில் ஒரு காகிதக் கடையின் பின்கட்டில், ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிற ஒரு சிறு கோஷ்டி எனக்குக் கிடைத்தது.

கோஷ்டி என்றால் ஐந்தே பேர், என்னையும் சேர்த்து. கடைக்காரர், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் அம்மாள், பூம்பாறைப் பக்கத்தில் மலைப்பூண்டு பயிரிடும் ஓர் இளைஞர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அப்புறம் நான். தலைவர், செயலாளர், தீர்மானம், பொன்னாடை ஒன்றும் கிடையாது. வழக்கம் ஒன்றே ஒன்றுதான்: சமீபத்தில் படித்த ஒரு கதையைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும்; பிறகு இஷ்டமிருந்தால் அந்தப் புத்தகத்தை யாருக்காவது கொடுக்கலாம். இஞ்சி தட்டிப்போட்ட டீ கடைக்காரர் உபயம்.

நான் போன முதல் ஞாயிறன்று நர்ஸ் அம்மாள் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலைப் பற்றிப் பேசினார். கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பம் ஒன்றின் கதை. 2023ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. காருமாமா என்ற ஒரு மனிதர் இறந்துபோகிறார், அந்தச் சாவைச் சுற்றி உறவுக்காரர்களின் பழைய அன்பும் பழைய பகையும் ஒன்றுகூடுகின்றன. "ஆஸ்பத்திரியில தினமும் சாவைப் பார்க்கிறேன். சாவு வீட்டுக்குள்ள போய் உட்கார்ந்தது இந்தப் புத்தகத்துலதான்" என்றார் அந்த அம்மாள்.

பூண்டுக்கார இளைஞர் எடுத்துக்கொண்டது ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்'. அங்கஹீனமான பிச்சைக்காரர்களை 'உருப்படி' என்று பெயர் சொல்லி, ஆடுமாடுபோல வாங்கி விற்கிற ஒரு பண்டாரத்தின் கதை அது. பழனியின் திருவிழாக் கூட்டம் அதில் வருகிறது. குறிஞ்சியாண்டவர் கோயில் வாசலில் நின்றால், மஞ்சு விலகியிருக்கும் நேரத்தில், பழனிமலை கீழே சிறு பொம்மைபோலத் தெரியும். எங்களுக்கெல்லாம் பார்த்துப் பழகிய காட்சி. அந்த இளைஞர் சிறு வயது முதல் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போய் வருகிறவர். "முன்னெல்லாம் சில்லறையைப் போட்டுட்டு நடந்துடுவேன். இப்போ முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கு. அது எனக்குப் பிடிக்கலை. ஆனா பார்க்க வேண்டியிருக்கு" என்றார். பிறகு நர்ஸ் அம்மாளைப் பார்த்து, "தூக்கம் வராதுக்கா. பரவாயில்லைன்னா எடுத்துக்குங்க" என்று புத்தகத்தை மேஜைமேல் வைத்தார்.

அவர் அதைச் சொன்ன விதத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அடுத்தாற்போல் நான் செய்ததைச் செய்திருக்க மாட்டேன்.

என் முறை வந்தது. நான் இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலைக் கையில் வைத்திருந்தேன். நான் எழுதுகிறவன் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு நிபுணருடைய சிபாரிசாக அது இருக்க வேண்டும் என்று எனக்குள் ஓர் எண்ணம். "சாகித்திய அகாதெமி பரிசு வாங்கின நாவல். 2020க்கு உரியது. எடுத்தால் கீழே வைக்க முடியாது. ஐயா, நீங்கள் அவசியம் படிக்கணும்" என்று சொல்லித் தலைமையாசிரியரிடம் நீட்டினேன். அவரிடம் ஏன் நீட்டினேன்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அவர் அதை மழைக்காக ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, குடைக்குள் அணைத்துக்கொண்டு போனார்.

அந்த நாவலைப் படிக்காத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரு தலைமையாசிரியரின் மகள், எஞ்சினீயரிங் படித்தவள். ஆட்டோ ஓட்டுகிற ஒருவனைத் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொள்கிறாள். பெற்றவர்களுக்குப் பிடிக்காத கல்யாணம். பிறகு ஒரு நாள் உடம்பெல்லாம் தீப்பட்டுப் புதுவை ஜிப்மர் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். வெளியே வராந்தாவில் குடும்பம் முழுவதும் காத்திருக்கிறது. கையில் பணம் இருக்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கத் தயாராக இருக்கிறார்கள். அந்த வாசலில் அந்தப் பணம் செல்லவில்லை. தலைப்பின் அர்த்தம் அதுதான்.

அடுத்த ஞாயிறு தலைமையாசிரியர் வரவில்லை. மழையாக இருக்கும் என்று நான் சொன்னேன். நர்ஸ் அம்மாள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சார், அவர் பொண்ணைப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. ஒரே மகள், திண்டுக்கல்லில் இருக்கிறாள். தகப்பனாரைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டவள். ஒன்பது வருஷமாகப் போக்குவரத்து இல்லை. தாயார் இறந்தபோது வந்தவளைக்கூட அவர் முகம் கொடுத்துப் பார்க்கவில்லையாம். இதெல்லாம் அந்தப் பின்கட்டில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. அவர்கள் யாரும் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. அன்று நான் கதையைச் சொல்லவுமில்லை. பரிசைப் பற்றி மட்டும்தானே சொன்னேன்!

அன்று இரவு அறையில் உட்கார்ந்து என்னை நானே விசாரித்துக்கொண்டேன். ஒரு மனிதருடைய புண் இருக்கிற இடம் தெரியாமல் அந்த இடத்தில் கையை வைத்து அழுத்திவிட்டேன். தெரியாமல் செய்த பிழைதான். ஆனால் தெரிந்துகொள்ள முயன்றேனா? அதுவும் இல்லை. ஒருவருடைய வாழ்க்கையை விசாரிக்காமல் அவருக்குப் புத்தகம் கொடுக்க எனக்கு என்ன பாத்தியதை? மறுபுறமும் ஒரு கேள்வி எழுந்தது. அப்படி ஒவ்வொருவரையும் விசாரித்து, வலிக்காத புத்தகமாகப் பார்த்துக் கொடுப்பதென்றால், கடைசியில் கொடுப்பதற்கு என்ன மிஞ்சும்? மகளை இழந்தவருக்கு மகள் வராத கதை, கடன்பட்டவருக்குக் கடன் வராத கதை என்று தேடிக்கொண்டே போனால் சமையல் புத்தகம்கூட மிஞ்சாது. பசித்தவருக்கு அதுவும் வலிக்கும்.

மறு வாரம் ஒரு வேலையாக மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. மலையிலிருந்து இறங்கி வத்தலக்குண்டில் பஸ் மாற வேண்டும். மழையில் பஸ் தாமதம். அந்த நிலையத்தில் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் என் கேள்வி வேறு உருவம் எடுத்தது.

வத்தலக்குண்டைச் சுற்றுலாக்காரர்கள் டீ குடிக்க நிற்கிற இடமாக மட்டும் அறிவார்கள். தமிழில் கதை படிக்கிறவனுக்கோ அது இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போக வேண்டிய ஊர். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமையர் 1872இல் பிறந்தது அங்கேதான். இருபத்தாறு வயதில் இறந்துபோன அந்த மனிதர் தமிழ் நாவலின் ஆரம்ப காலத்திலேயே அத்தனை உயிருள்ள ஒரு நாவலைத் தந்துவிட்டுப் போனார். 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கென்றே நடத்திய பி.எஸ்.ராமையாவும் அந்த ஊர்க்காரர். 'எழுத்து' நடத்திய சி.சு.செல்லப்பாவும் அந்த ஊர்க்காரர். கொடைக்கானலின் காலடியில் இருக்கிற ஒரு சிறு ஊர், எழுதுகிறவரையும், எழுதியதைப் பிறரிடம் கொண்டு சேர்க்கிறவரையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது.

நான் அன்று நினைத்துக்கொண்டது செல்லப்பாவைத்தான். 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் 'எழுத்து' வந்தது. வியாபாரமாக அது என்றும் நடந்ததில்லை, கைப்பொருள்தான் கரைந்தது. பத்திரிகையோடு புத்தகங்களும் வெளியிட்டார். அவற்றை விற்பதற்கு அவர் கண்ட வழி மூட்டை கட்டித் தாமே தூக்கிக்கொண்டு போவது. ஊர் ஊராகப் போய், கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி, மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் நேரில் நின்று "இதைப் படித்துப் பாருங்கள்" என்று சொன்னார். 85 வயதில், 1997இல், 'சுதந்திர தாகம்' என்ற பெரிய நாவலைத் தாமே மூன்று பாகங்களாக வெளியிட்டார். அடுத்த வருஷக் கடைசியில் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி பரிசு 2001இல் வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அதே காலத்தில் க.நா.சுப்ரமண்யமும் இருந்தார். அவர் தோளில் மூட்டை தூக்கியதில்லை. ஆனால் ஓயாமல் பட்டியல் போட்டார். இது நல்ல நாவல், இது இல்லை என்று பெயர் சொல்லி எழுதினார். 'படித்திருக்கிறீர்களா?' என்றே ஒரு புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். நார்வேக்காரரான நட் ஹாம்சனை 'நிலவள'மாகவும், ஸ்வீடனின் பேர் லாகர்க்விஸ்டை 'அன்பு வழி'யாகவும் தமிழுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பட்டியலில் இடம்பெறாதவர்களின் கோபத்தை ஆயுள் முழுவதும் சம்பாதித்துக்கொண்டார்.

இந்த இரண்டு பேரும் தாங்கள் புத்தகம் கொடுத்த ஒவ்வொரு வாசகனுடைய குடும்ப விவகாரத்தையும் விசாரித்தார்களா? நிச்சயமாக இல்லை. கல்லூரி வாசலில் நின்ற செல்லப்பாவுக்கு எந்தப் பையனுடைய வீட்டில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? ஆனாலும் அவர்கள் கொடுத்ததற்கும் நான் கொடுத்ததற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. பஸ் வரும்வரை அது எனக்குப் பிடிபடவில்லை. வித்தியாசம் இருக்கிறது என்பது மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஞாயிறு தலைமையாசிரியர் வந்தார். குடையை மூலையில் சாத்திவிட்டு, அதே பிளாஸ்டிக் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். தெரிஞ்சு குடுத்தீங்களா, தெரியாம குடுத்தீங்களா?"

"தெரியாமத்தான் ஐயா. பெரிய தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியாம குடுத்ததுதான் நல்லது. எனக்குப் புத்தி சொல்றதுக்குன்னு குடுத்திருந்தீங்கன்னா அன்னைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். ஒன்பது வருஷமா எத்தனை பேர் புத்தி சொன்னாங்க தெரியுமா?"

டீ வந்தது. அவர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சூடு காய்ந்தார். பிறகு அவராகவே சொன்னார்:

"போன வாரம் திண்டுக்கல் போயிருந்தேன். கதவைத் திறந்தா. உட்காருங்கன்னா. காப்பி குடுத்தா. வேற ஒண்ணும் பேசலை. நானும் பேசலை. கிளம்பறப்போ பேரன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தான். மூணாங் கிளாஸ் படிக்கிறானாம். அவ்வளவுதான்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒரு நாவல் ஒன்பது வருஷத்துப் பகையைத் தீர்த்துவைத்தது என்று எழுத என் கை துடித்தாலும், அது உண்மை இல்லை. ஒரு கிழவர் பஸ் ஏறிப் போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வந்தார். நடந்தது அதுதான். அந்த மகள் மன்னிப்பாளா, அவர் மறுபடி போவாரா என்பதெல்லாம் எந்தப் புத்தகமும் சொல்ல முடியாத சங்கதிகள்.

"ஆனா ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க" என்றார் அவர் மறுபடியும். "எடுத்தா கீழே வைக்க முடியாதுன்னு சொன்னீங்களே, அது பொய். நான் நாலு தடவை கீழே வெச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானும்தான் கீழே வைத்தேன். அந்த நாவலைப் படித்தபோது ஒரு நாள் பாதியில் மூடி, கண்ணில் படாதபடி அலமாரிக்குள் தள்ளி, நான்கு நாள் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன். படித்து முடித்த பிறகு ஒரு வாரம் எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பின்கட்டில் இதில் ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. பரிசைச் சொன்னேன், வருஷத்தைச் சொன்னேன், சந்தை வாசலில் கூவுகிறவன் சொல்வதைச் சொன்னேன். அந்தப் பூண்டுக்கார இளைஞர் தனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை வைத்தார். "தூக்கம் வராது" என்ற எச்சரிக்கையோடு வைத்தார். நான் எனக்கு நேர்ந்ததை மறைத்துக்கொண்டு புத்தகத்தை மட்டும் தள்ளினேன். வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் பிடிபடாத வித்தியாசம் இதுதான்.

நாம் யாருக்கும் அவரவர் மனசுக்கு ஏற்ற புத்தகத்தைத் தேர்ந்து கொடுக்க முடியாது. இன்னொருவர் மனசு அப்படி நமக்குத் தெரிந்துவிடுகிற சமாசாரம் இல்லை. தெரிந்திருந்தால், தலைமையாசிரியரிடமிருந்து அந்தப் புத்தகத்தை நான் ஒளித்துவைத்திருப்பேன். அது கருணை என்று நினைத்திருப்பேன். அவரோ திண்டுக்கல் பஸ் ஏறியிருக்க மாட்டார். இதனால் அறியாமையே மேல் என்று ஆகிவிடாது. அந்த மகள் உயிரோடு இல்லாதிருந்தால்? அவர் வீட்டிலேயே ஒரு தீ நடந்திருந்தால்? நல்லபடியாக முடிந்தது என் சாமர்த்தியம் அல்ல. அதற்கான பாராட்டு எனக்குச் சேராது.

அப்படியானால் கொடுக்கிறவன் பட்ட கடன் என்ன? எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: அந்தப் புத்தகம் தன்னை என்ன செய்தது என்பதை உள்ளபடி சொல்ல வேண்டும். சிரிக்கவைத்தால் சிரிக்கவைத்தது என்றும், தூக்கத்தைக் கெடுத்தால் கெடுத்தது என்றும் சொல்ல வேண்டும். எடுப்பதும் விடுப்பதும் அப்புறம் வாங்குகிறவர் இஷ்டம். கொடுத்த பிறகு ஓடிப்போகாமல் அங்கேயே இருக்க வேண்டும். புத்தகம் திரும்பி வரும்போது அதனோடு கண்ணீர் வரலாம், கோபம் வரலாம், "நீ சொன்னது பொய்" என்ற வார்த்தையும் வரலாம். எல்லாவற்றையும் கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். செல்லப்பா மூட்டையோடு தம் முகத்தையும் கொண்டுபோனார். க.நா.சு. பட்டியலோடு தம் பெயரையும் போட்டார். அவர்களோடு சண்டை போட வேண்டுமென்றால் எங்கே போவது என்று வாசகனுக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறான காரியமும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டுக் கடைசியில் திருச்செங்கோட்டில் அதன் சில பக்கங்களை மட்டும் நகல் எடுத்துப் பரப்பினார்கள். முழுப் புத்தகத்தையும் யாரும் யாருக்கும் நீட்டவில்லை. 2015 ஜனவரியில் அந்த எழுத்தாளர் இனி எழுதுவதில்லை என்று அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவர் மறுபடியும் எழுத்துக்குத் திரும்பினார். பக்கங்களைக் கிழித்துக் கொடுப்பதும் ஒரு சிபாரிசுதான். ஆனால் "இதைப் படித்து எனக்கு இப்படி ஆயிற்று" என்று முழுப் புத்தகத்தோடு முன்னால் நிற்கிற ஆள் அதற்குப் பின்னால் இல்லை.

அந்த ஞாயிறு மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. கூட்டம் கலைகிற நேரத்தில் தலைமையாசிரியர் அந்தப் புத்தகத்தை என்னிடம் திருப்பித் தரவில்லை. என்னைப் பார்த்து, "இன்னொருத்தருக்குக் குடுக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் அம்மாளிடம் நீட்டினார்.

"இதுல தீக்காய வார்டு வருதும்மா. உங்களுக்கு அது பழக்கம், எனக்குப் பழக்கமில்லை. நாலு தடவை கீழே வெச்சேன். அஞ்சாவது தடவை முடிச்சேன். முடிச்சப்புறம் ஒரு ஊருக்குப் போயிட்டு வந்தேன்."

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். "இந்த வாரம் எனக்கு நைட் டூட்டி ஐயா. அடுத்த வாரம் எடுக்கிறேன். அதுவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்" என்று பையில் வைத்துக்கொண்டார்.

நான் எத்தனையோ மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன். அவர் சொன்ன அந்த ஐந்து வாக்கியங்களுக்கு அவற்றில் ஒன்றும் ஈடாகாது. தலைமையாசிரியர் குடையை விரித்துக்கொண்டு மஞ்சுக்குள் இறங்கிப் போனார். நானும் அறைக்குத் திரும்பி, இதுவரை யார் யாருக்கு என்னென்ன புத்தகம் கொடுத்தேன், அவர்களில் யாரிடமாவது பிறகு போய் விசாரித்தேனா என்று ஒரு காகிதத்தில் எழுத ஆரம்பித்தேன். பட்டியல் நீளமாக இருந்தது. விசாரித்ததாக நினைவு வந்தவர்கள் மூன்றே பேர்.